"ஒரு ஊசி போட்டு விட்டிரு" என்று அம்மா கேட்கும்போது

கேட்டவர் விளவங்கோடு பக்கத்துக்காரர். அம்மாவுக்கு 71 வயது. கர்ப்பப்பை வாயில் தொடங்கிய புற்றுநோய் இடுப்பெலும்பு வரை பரவிவிட்டது. திருவனந்தபுரத்தில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர்கள், இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். "மக்களே, எனக்கு இனி வய்யா. ஒரு ஊசி போட்டு விட்டிரு" என்று அம்மா கேட்கிறாராம். நெதர்லாந்தில் நர்ஸாக இருக்கும் தங்கை, "இங்கே அதற்குச் சட்டமே இருக்கிறது, நாம்தான் வேதத்தைச் சொல்லி அம்மாவை வதைக்கிறோம்" என்கிறார். ஜெபக்கூட்டத்துக்காரர்களோ வேதனையை ஒப்புக்கொடுக்கச் சொல்கிறார்கள். இயேசு சிலுவையில் மயக்கும் மதுவைக் குடிக்கவில்லையே என்று அம்மா மார்ஃபின் மாத்திரையைத் துப்பிவிடுகிறார். கருணைக்கொலை ஏன் பாவம், மூச்சுத்திணறல் வந்தால் வெண்டிலேட்டர் வேண்டாம் என்று சொல்வதும் கொலைதானா, இந்த வேதனைக்கு ஏதாவது அர்த்தம் உண்டா. இவைதான் கேள்விகள்.

தம்பி, நான் முப்பது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்றபிறகு எங்கள் அன்பியத்தில் (பங்கிலுள்ள பக்கத்து வீடுகளின் சிறு குழு) படுக்கையில் கிடப்பவர்களைப் போய்ப் பார்த்து வருகிறேன். இறையியல் பட்டம் ஒன்றும் கிடையாது. திருச்சபை இதுபற்றி எழுதியதை என் தேவைக்காகத் தேடிப் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். கத்தோலிக்கப் பெண்ணாகத்தான் பதில் சொல்ல முடியும்.

முதலில் நான் ஒன்று கேட்கிறேன். அம்மா இதை எந்த நேரத்தில் சொல்கிறார்? ராத்திரி இரண்டு மணிக்கா, துணி மாற்றும்போதா, யாராவது பார்க்க வந்துவிட்டுப் போனபிறகா? இரண்டு நாள் கவனித்துப் பாருங்கள். ரப்பர் பால் வெட்டிப் பிழைத்த ஒரு பெரியவரை நான் வாராவாரம் பார்க்கப் போவேன். "என்னைக் கொன்னிருங்க" என்று தினமும் சத்தம்போடுவார். கவனித்தால், அது காலை எட்டு மணிக்கு மட்டும்தான். அந்த நேரத்தில்தான் மருமகள் அவருக்கு மலம் துடைத்து வேட்டி மாற்றுவாள். மகன் வேலைக்குப் போகும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்துக்கொண்டு அந்த வேலையைத் தானே செய்யத் தொடங்கினான். அதற்குப்பிறகு அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை. சாவு வந்தது, நாலு மாதம் கழித்து, அது பாட்டுக்கு வந்தது.

எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாக முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் "சாக வேண்டும்" என்ற கோரிக்கைக்குள் வேறொரு கோரிக்கை இருக்கிறதா என்று பார்க்காமல் பாவம், புண்ணியம் பேசக்கூடாது. லண்டனில் 1967இல் சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்க செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதற்கு 'முழு வலி' என்று பெயர் வைத்தார். உடம்பு வலி, மனசு வலி, குடும்பத்துக்குப் பாரமாகிவிட்டோமே என்ற வலி, கடவுள் கைவிட்டுவிட்டார் என்ற வலி, நான்கும் சேர்ந்து ஒரே வலியாகத் தெரியும். அவர் முதலில் நர்ஸ், அப்புறம் சமூகப் பணியாளர், அதற்குப்பிறகுதான் டாக்டர். ஆழ்ந்த கிறிஸ்தவர். சாகிறவர்களை மருத்துவம் கைகழுவிவிடுகிறது என்று கண்டுதான் அவர் அந்த இடத்தைக் கட்டினார்.

சரி, மார்ஃபினுக்கு வருகிறேன். இன்று ராத்திரியே செய்ய வேண்டிய காரியம் இதுதான்.

இயேசு வெள்ளைப்போளம் கலந்த மதுவை மறுத்தார் என்று அம்மா சொல்வது உண்மை, மாற்கு நற்செய்தியில் இருக்கிறது. ஆனால் யோவான் நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். "தாகமாய் இருக்கிறது" என்று அவரே வாய்விட்டுக் கேட்கிறார். கடற்பஞ்சில் தோய்த்துக் கொடுத்த புளித்த இரசத்தை வாங்கிக் குடிக்கிறார். அப்புறம்தான் உயிர் விடுகிறார். கேட்பதும் வாங்கிக்கொள்வதும் விசுவாசக் குறைவு என்றால், அந்தக் குறை அவரிடமும் இருந்தது என்றல்லவா ஆகும்?

1957இல் மயக்க மருந்து டாக்டர்கள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரிடம் இதைக் கேட்டார்கள். வேறு வழி இல்லாதபோது, வலியைக் குறைப்பதே நோக்கமாக இருந்தால், அந்த மருந்து ஆயுளைச் சற்றுக் குறைக்கக்கூடும் என்றாலும் கொடுக்கலாம் என்றார் அவர். 1980இல் ரோமாபுரியிலிருந்து கருணைக்கொலை பற்றி வந்த அறிக்கை, அம்மா சொல்லும் அந்த மது மறுத்த நிகழ்ச்சியை மத்தேயு நற்செய்தியிலிருந்து சுட்டிக்காட்டிப் பேசுகிறது. ஒருவர் தானாக விரும்பி மருந்தைக் குறைத்துக்கொண்டு வலியைச் சிலுவையோடு சேர்க்கலாம், ஆனால் அந்த வீரத்தை எல்லோருக்கும் விதியாக்குவது விவேகம் ஆகாது என்கிறது. ஜெபக்கூட்டத்துக்காரர்களிடம் இதைப் பங்குத்தந்தையை விட்டே சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் சண்டையாகிவிடும்.

இன்னொன்று, மார்ஃபினைச் சரியான அளவில் கொடுத்தால் ஆளைக் கொல்லாது. வாய்வழி மாத்திரையை வலி வந்தபிறகு கொடுக்காமல் நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். சாதாரண மாத்திரை என்றால் நாலு மணிநேரத்துக்கு ஒருமுறை. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையவே குறையாது. அதற்கு மருந்து எழுதாமல் மார்ஃபினை மட்டும் எழுதினால், திரும்பப் போய்க் கேளுங்கள். பாதிப்பேர் "மார்ஃபின் ஒத்துக்கவில்லை" என்று நிறுத்துவது அந்த வயிற்றுக்கட்டினால்தான். போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தியபிறகு இந்த மருந்து கிடைப்பது முன்பைவிட எளிது, என்றாலும் எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது. அம்மாவைப் பார்த்த இடத்திலேயே வலி நிவாரணப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமும் கேளுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. கேட்டால்தான் வருவார்கள்.

அம்மாவைப் போலவே கேட்ட ஒருவர் வேதத்தில் இருக்கிறார். எலியா. அரசர்கள் முதல் நூல், 19ஆம் அதிகாரம். பாலைநிலத்தில் ஒரு செடியடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். சாதாரண ஆள் இல்லை, வானத்திலிருந்து நெருப்பை இறக்கியவர். கடவுள் அவரைத் திட்டவில்லை, போதனையும் செய்யவில்லை. தூங்கவிட்டார். தூதர் எழுப்பிவிடும்போது தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். இரண்டாவது தடவையும் எழுப்பி, இன்னும் கொஞ்சம் சாப்பிடு, உன்னால் தாங்கமுடியாத தூரம் இருக்கிறது என்கிறார் தூதர். எலியா கேட்டது சாவு. கிடைத்தது தூக்கமும் அப்பமும் தண்ணீரும். என் வேலை என்னவென்று எனக்குப் புரியவைத்தது இந்த அதிகாரம்தான்.

சாகக் கேட்டவருக்கு சாவைக் கொடுத்தால் என்ன தப்பு என்பது உங்கள் தங்கையின் கேள்வி. அதை லேசாக ஒதுக்கமாட்டேன். நெதர்லாந்தில் 2002 ஏப்ரலில் சட்டம் நடைமுறைக்கு வந்தது, அதே வருஷம் பெல்ஜியத்திலும். தாங்கமுடியாத வேதனை, தேறும் வாய்ப்பில்லாமை, நோயாளியே தெளிவாகக் கேட்பது, இன்னொரு டாக்டரின் கருத்து என்று அங்கே நிபந்தனைகள் உண்டு. அதைச் செய்கிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் நம் விசுவாசம் வேறு இடத்தில் நிற்கிறது. உயிர் நமக்குக் கொடுக்கப்பட்டது, நாம் அதன் காவலர்கள், சொந்தக்காரர்கள் இல்லை. இது மறைக்கல்வியில் எல்லோரும் படித்ததுதான். 1995இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 'வாழ்வின் நற்செய்தி' என்ற சுற்றுமடலில் கருணைக்கொலையைக் கடவுளின் சட்டத்தை மீறும் பெரிய குற்றம் என்றே உறுதிப்படுத்தினார்.

(அமலேக்கியன் ஒருவன், சவுல் கேட்டதால்தான் கொன்றேன் என்று சொல்லி தாவீதிடம் உயிரை இழந்த கதையைச் சிலர் இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. தாவீதின் கோபம் அபிஷேகம் பெற்ற அரசன்மேல் கைவைத்ததற்காக வந்தது. நல்ல காரணம் இருக்கும்போது பலவீனமான வசனம் எதற்கு?)

வேதத்தை ஒதுக்கிவைத்தாலும் எனக்கு ஒரு பயம் உண்டு. விருதுநகர், மதுரைப் பக்கம் சில கிராமங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். படுத்த படுக்கையான முதியவருக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீராகக் குடிக்கக் கொடுப்பார்கள். காய்ச்சலிலும் சிறுநீரகக் கோளாறிலும் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். செய்தவர்கள் அதையும் இரக்கம் என்றுதான் சொன்னார்கள். அந்தக் கிழவியிடம் யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தாலும், மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் "வேண்டாம்" என்று சொல்லியிருப்பாளா? சாவது ஒரு உரிமை என்று ஆகும் நாளில், சாகாமல் இருப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியவளாக நம் அம்மாக்கள் ஆகிவிடுவார்கள். ஆஸ்பத்திரிச் செலவுக்கு நகையை அடகு வைக்கும் நம் வீடுகளில் இது எங்கே போய் நிற்கும் என்று தங்கையிடம் கேட்டுப்பாருங்கள்.

உங்களுக்குப் பக்கத்தில்தான் சிதறால் சமண மலை. சமணர்களின் சல்லேகனையையும், கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததையும் சொல்லி, நம் மண்ணிலேயே இது உண்டே என்பவர்கள் உண்டு. அது சாகும்வரை உண்ணாதிருக்கும் ஒரு விரதம், தன் சமயத்துக்குள் நின்று ஒருவர் எடுப்பது. 2015இல் ராஜஸ்தான் உயர்நீதிமன்றம் அதைத் தற்கொலை என்று சொல்லித் தடுத்தபோது, அதே மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. வலி தாங்காமல் ஊசி கேட்கும் உங்கள் அம்மாவின் நிலை அதோடு சேராது. இதோடு விடுகிறேன்.

வெண்டிலேட்டர் விஷயத்தில் மனதைப் போட்டு அலட்டாதீர்கள். வேண்டாம் என்று சொல்வது கொலை ஆகாது. பயனைவிட பாரம் அதிகமான, நோயின் நிலைக்குப் பொருந்தாத சிகிச்சையை நிறுத்தலாம், தொடங்காமலும் இருக்கலாம் என்று கத்தோலிக்க மறைக்கல்வியின் 2278ஆம் எண்ணில் நேரடியாகவே இருக்கிறது. அங்கே நாம் சாவை வரவழைக்கவில்லை, தடுக்க முடியவில்லை என்று ஏற்றுக்கொள்கிறோம்.

இது தெரிந்திருந்தும் என் அப்பாவுக்கு நான் உதவவில்லை. பக்கவாதம் வந்து மூளை முழுக்க இரத்தம் கசிந்திருந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் வெண்டிலேட்டரில் கிடந்தார். மூன்றாம் நாளே எனக்குத் தெரியும், தேறமாட்டார் என்று. அண்ணன்மாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு "எடுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்வை நேரம் பத்து நிமிஷம், அதுவும் கண்ணாடிக்கு வெளியே. நாங்கள் ஜெபமாலை சொன்னது கார் பார்க்கிங்கில். அப்பா போனபோது பக்கத்தில் எங்களில் ஒருவரும் இல்லை. கட்டிலருகே நின்று நூற்றுக்கணக்கான பேரை வழியனுப்பிய நான், என் அப்பாவை அனுப்பவில்லை.

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஷ ஊசி போட்டுக் கொல்வது இந்தியாவில் குற்றம், யார் கேட்டாலும். உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்ள 2018 மார்ச் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, முன்கூட்டியே உயில் போல எழுதிவைக்கவும் வழி செய்தது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும், மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் அதைச் செயல்படுத்தும்போது இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து முடிவு சொல்லும். அம்மா தெளிவாகப் பேசும் நாளில் இதை எழுதி வைத்துவிடுங்கள். வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது என்று முடிவானால் இந்தச் சிக்கலே வராது, ஆனால் பயத்தில் யாராவது ராத்திரி 108க்கு போன் செய்துவிடுவார்கள். அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் எழுதச் சொல்கிறேன்.

ஒரு இடத்தில் மட்டும் நீதிமன்றமும் திருச்சபையும் பிரிகின்றன. குழாய் வழியாகக் கொடுக்கும் உணவையும் தண்ணீரையும் சட்டம் சிகிச்சையாகப் பார்க்கிறது. திருச்சபை அதைப் பொதுவாக எந்த மனிதருக்கும் செய்ய வேண்டிய அடிப்படைக் கவனிப்பாகப் பார்க்கிறது. ஆனால் கடைசி நாட்களில் உடம்பு அதை ஏற்காமல் போகும்போது நிறுத்தலாம் என்று 2020இல் வந்த 'நல்ல சமாரியர்' மடல் சொல்கிறது. நடைமுறையில், அம்மா கஞ்சியைத் தள்ளிவிடும்போது திணிக்காதீர்கள். "சாப்பிடாமல் சாகிறாரே" என்று ஊர் சொல்லும். சாகத் தொடங்கியதால்தான் சாப்பிடமாட்டார்.

இந்தச் சட்டம் வந்த வழியில் ஒரு நர்ஸ் இருக்கிறார், நர்ஸாக எனக்கு அவரை விட்டுப்போக மனமில்லை. அருணா ஷான்பாக். மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1973 நவம்பரில் அங்கேயே வேலைபார்த்த ஒருவனால் தாக்கப்பட்டு மூளை சிதைந்தது. அவரைச் சாகவிடக் கேட்ட மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எதிர்த்தவர்கள் அந்த மருத்துவமனையின் நர்ஸுகள். கூட வேலை செய்தவர்கள் ஓய்வு பெற்று, அருணாவை நல்ல நாளில் பார்த்தே இராத புதுப் பிள்ளைகள் வந்து, அவர்களும் குளிப்பாட்டி, தலைவாரி, ஊட்டினார்கள். 2015 மே மாதம் நிமோனியாவில் இறந்தார். நாற்பத்தியொரு வருஷத்துக்கு மேல். அந்த வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த நர்ஸுகள் அர்த்தம் தெரிந்துகொண்டா குளிப்பாட்டினார்கள்?

உங்கள் கடைசிக் கேள்வியும் இங்கேதான் வருகிறது. வேதனைக்கு நோக்கம் உண்டா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில், மார்பில் புண் வெடித்துக் கிடந்த ஒரு அம்மாவிடம், "கடவுள் தமக்குப் பிரியமானவர்களைத்தான் சோதிப்பார்" என்று சொன்னேன். நல்லது சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவர் பதில் பேசாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து என்னிடம் கட்டு மாற்றிக்கொள்ளவே இல்லை, வேறு நர்ஸைக் கூப்பிடச் சொல்வார். யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் இருந்தது. வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள், கடைசியில் கடவுளின் கோபம் அவர்கள்மேல்தான் வந்தது. புலம்பிய யோபுமேல் வரவில்லை. அம்மாவின் கட்டிலைச் சுற்றி விளக்கம் சொல்கிறவர்களை வாசலிலேயே கடுங்காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

வேதனை தன்னளவில் நல்லது என்று திருச்சபை சொல்லவில்லை. வேதனை நல்லது என்றால் 1838இலிருந்து நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி எதற்கு? எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேய டாக்டர் சோமர்வெல் 1922இல் நெய்யூருக்கு வந்து, அங்கே காத்துக்கிடந்த நோயாளிகளைப் பார்த்துவிட்டு, லண்டன் வாய்ப்புகளை விட்டு இங்கேயே தங்கினார். துன்பத்துக்கு விளக்கம் சொல்லவா தங்கினார்? குடற்புண்ணை அறுத்துச் சரிசெய்யத்தான். அவர் சி.எஸ்.ஐ.காரர்களின் முன்னோர், நான் ஆர்.சி., இருந்தாலும் இந்த விஷயத்தில் எங்களுக்குள் பேதமில்லை.

மறைசாட்சி தேவசகாயத்தையும் அம்மாவிடம் சொல்லியிருப்பார்கள். 1752 ஜனவரி 14இல் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லும்வரை சுமார் மூன்று வருஷம் சித்திரவதை, அவர் தாங்கினாரே என்று. உண்மை, அதனால்தான் 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டார். ஆனால் நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போகிறோம்? புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறைக்கு. தாகம் பொறுக்காமல் அவர் ஜெபித்து முழங்கையால் பாறையை இடிக்க, தண்ணீர் வந்தது என்பது நம் பாரம்பரியம். தாகத்தை ஒப்புக்கொடுத்துக்கொண்டு சும்மா இருந்தார் என்று நம் முன்னோர் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார், கிடைத்தது என்றுதான் சொன்னார்கள். அவர் அனுபவித்தது பிறர் இழைத்த கொடுமை, தம் விசுவாசத்தை விட்டுக்கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். அம்மாவின் புற்றுநோயை எதை விட்டுக்கொடுத்து நிறுத்துவது?

இரண்டாம் ஜான் பால் 1984இல் துன்பத்தைப் பற்றியே ஒரு மடல் எழுதினார். அதில் எனக்குப் பிடித்தது, பதில் உடனே கிடைக்காது, ஒவ்வொருவரும் தம் கேள்வியோடு கிறிஸ்துவிடம் போய், நாளடைவில் உள்ளுக்குள் கேட்பதுதான் என்கிறார். அதாவது நோக்கத்தைக் கண்டுபிடிக்கிறவர் படுத்திருப்பவர், நிற்பவர் இல்லை. பவுல் தம் உடலில் தைத்த முள்ளை நீக்கும்படி மூன்று தடவை கேட்டார். "என் அருள் உனக்குப் போதும்" என்ற பதில் அவருக்கு வந்தது. அதை அவர் சொல்லலாம். நான் போய் இன்னொருவரிடம், முள் எடுக்க ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "அருள் போதும்" என்று சொல்லக்கூடாது.

கண்டுபிடித்தவர்களையும் பார்த்திருக்கிறேன். குளச்சல் பக்கம் ஒரு மீனவப் பெண், வாயில் புற்று, பேச்சு போய்விட்டது. மார்ஃபின் சரியாகி வலி அடங்கிய பிறகு, பத்து வருஷமாகப் பேசாமல் இருந்த அக்காவைக் கூப்பிடச் சொல்லி ஸ்லேட்டில் எழுதினார். அக்கா வந்து ஒரு வாரம் கூடவே இருந்தார். அந்த ஒரு வாரம் இல்லாமல் அவர் போயிருந்தால் என்ற நினைப்பு எனக்கு இப்போதும் வரும். கவனியுங்கள், வலி அவரை அக்காவிடம் சேர்க்கவில்லை. வலி குறைந்ததால்தான் அக்காவை நினைக்க முடிந்தது. இன்னொருவர், நல்ல பக்தர், கடைசிவரை எந்த அர்த்தத்தையும் காணவில்லை, கோபத்தோடுதான் போனார். "என் இறைவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கத்திய ஆண்டவர் அவரை வெளியே நிறுத்தியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

அம்மாவுக்கு நோயில்பூசுதல் கொடுத்தாயிற்றா? பழைய ஆட்கள் அவஸ்தை பூசுதல் என்று சொல்லிப் பயப்படுவார்கள், அது சாவுக்கு நாள் குறிப்பது இல்லை, ஒன்றுக்கு மேற்பட்ட தடவையும் வாங்கலாம். ஃபாதர் வரும்போது அவரையே மாத்திரையை அம்மா கையில் கொடுக்கச் சொல்லுங்கள், துப்பமாட்டார். வாய் காய்ந்தால் சுத்தமான பஞ்சுத்துணியைத் தண்ணீரில் நனைத்து உதட்டைத் துடைத்துவிடுங்கள். அப்புறம் தங்கையிடம் சண்டை போடாதீர்கள், அவர் அங்கிருந்து பார்ப்பது வீடியோவில் தெரியும் முகத்தை மட்டும்தான். கிறிஸ்துமஸுக்கு என்று டிக்கெட் போட்டிருந்தால் மாற்றி, இந்த மாதமே வரச்சொல்லுங்கள். அம்மாவுக்குத் துணி மாற்றுகிற வேலையை அவரிடம் கொடுங்கள்.